பாட்டன் நாட்டில் பேரன் புகழ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் மேற்கு வர்ஜீனியா என்னும் மாநிலம் உள்ளது. மலையும் காடும் செறிந்த அம்மாநிலத்தின் பெருஞ்செல்வம் நிலத்தின் மேலே இல்லை. நிலத்தின் கீழே நிலக்கரியாகப் படிந்து கிடக்கின்றது. அக்கரியை வெட்டி எடுக்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருகியது. அப்போது ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஏழை மக்கள் வேலை நாடி அங்குச் சென்றனர். அவர்களுள் இத்தாலியர் பலர். அவர்தம் வாழ்வு எளிதாய் அமையவில்லை. 1907ஆம் ஆண்டில் மோனங்கா என்னும் ஊரில் நேர்ந்த சுரங்க வெடிப்பில் 360க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அவர்களுள்ளும் இத்தாலியர் மிகுதியாக இருந்தனர். ஆயினும் வந்தவர்களுள் பலர் திரும்பவில்லை. அங்கேயே வேரூன்றி, தம் மக்களைப் படிக்கவைத்து, புதிய நாட்டின் குடிகளாயினர்.

அம்மாநிலத்தைச் சேர்ந்த முல்லன்ஸ் என்னும் சிற்றூரில் 1951ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் மைக் டான்டோனி பிறந்தார். அவருடைய பாட்டனார் இத்தாலி நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். வாழ்வு நாடிப் பாட்டனார் எந்நாட்டை விட்டு வந்தாரோ, அந்நாட்டிற்கே பேரனார் வாழ்வு நாடித் திரும்பிச் சென்றார். பிறந்த நாட்டில் கிட்டாத பெருமை அவருக்கு அங்கே கிட்டியது. அதனைப் பெற்றுத் தந்தது ஒரு பந்து.

அது கூடைப்பந்து. 1891ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் தம் மாணவர் பனிக்காலத்தில் அறைக்குள்ளேயே ஆடுதற்பொருட்டு இவ்வாட்டத்தை அமைத்தார். பழக்கூடை ஒன்றை 10 அடி உயரத்தில் கட்டி, அதனுள் பந்தை எறியுமாறு செய்தார். கூடை பின்னர் இரும்பு வளையமாக மாறியது. ஆனால் அந்தப் 10 அடி உயரம் மாறவில்லை. அணிக்கு ஐவர் ஆடும் இவ்வாட்டத்தில் உயரமானவர்க்கே வசதி மிகுதி என்பது தெளிவு. எனினும், ஐவருள் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே செல்ல வேண்டும். எதிரிகள் எங்கே நிற்கின்றனர், தம்மவர் எங்கே விரைகின்றனர் என்று நோக்கி, எவர் கைக்குப் பந்து சென்றால் பயன் விளையுமோ அவர் கைக்கு அதனை அனுப்ப வேண்டும். அவருக்கு உயரத்தினும் கூர்த்த அறிவே வேண்டுவது. டான்டோனி அத்தகைய ஆட்டக்காரர்.

அவருடைய தந்தையார் உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். ஆதலின் அவ்வாட்டம் அவருக்குக் குடும்பக் கல்வியாகவே வாய்த்தது. பள்ளிப் படிப்பு முடிந்தபின், அம்மாநிலத்தின் ஹன்டிங்டன் நகரிலுள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் அங்குப் பயின்றபோது பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், அப்பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியினரை ஏற்றி வந்த விமானம் நகரையடுத்த மலைச்சரிவில் மோதி வீழ்ந்தது. அதிலிருந்த 75 பேரும் உயிரிழந்தனர். ஊரே கண்ணீர் வடித்தது. அத்துயரத்திற்குப் பின் ஓராண்டும் சில திங்களும் கழிந்த நிலையில், 1972ஆம் ஆண்டில், டான்டோனி இடம்பெற்ற கூடைப்பந்து அணி நாடு தழுவிய கல்லூரிப் போட்டியில் கலந்துகொள்ளும் தகுதியைப் பெற்றது. இறந்தாரை எவரும் மீட்டுத் தர இயலாது. ஆயினும் இருந்தார்க்குத் தலைநிமிர ஒரு காரணம் கிடைத்தது.

அமெரிக்காவில் கல்லூரி ஆட்டம் ஒரு படி. தொழில்முறை ஆட்டம் அதற்கு மேற்படி. ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர் வெளிவருகின்றனர். தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகளோ அவர்களுள் மிகச் சிலரையே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 1973ஆம் ஆண்டுத் தேர்வில் டான்டோனி 20ஆவதாக அழைக்கப்பெற்றார். கன்சாஸ் நகர அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. சிற்றூர் இளைஞர்க்கு அது பெரும்பேறு. ஆனால் அப்பேறு நிலைக்கவில்லை. ஆறு அடி மூன்று அங்குலம் உயரமுடைய அவர், அங்கிருந்த நெடியோரிடையே குறியவராகவே தோன்றினார். பல நாள் அவர் ஆடுகளத்திற்கு வெளியே அமர்ந்திருக்க நேர்ந்தது. பின்னர்ச் செயின்ட் லூயிஸ் நகர அணியில் ஆடினார். அவ்வணி சேர்ந்திருந்த சங்கமே 1976ஆம் ஆண்டில் கலைந்துபோயிற்று. அடுத்துச் சான் அன்டோனியோ அணியில் சேர்ந்தார். அங்கே அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். அத்துடன் அவ்விடமும் நழுவியது.

அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. சிறு வயது முதல் பயின்ற கலையில், தாய்நாடு தமக்கு இடமில்லை என்று கூறிவிட்டது. ஆட்டத்தைத் துறந்து வேறு தொழில் மேற்கொள்வது ஒரு வழி. கடல் கடந்து சென்று ஆடுவது மற்றொரு வழி. அந்நாளில் ஐரோப்பாவில் சென்று ஆடுவதை அமெரிக்கர் பலர் பெருமையாகக் கருதவில்லை. தாய்நாட்டில் விலைபோகாத சரக்கே வெளிநாட்டுச் சந்தைக்குச் செல்லும் என்பது அவர்தம் எண்ணம். டான்டோனி அவ்வெண்ணத்தைப் பொருட்படுத்தவில்லை. 1977ஆம் ஆண்டில் இத்தாலிக்குச் சென்று, மிலான் நகரத்து ஒலிம்பியா அணியில் சேர்ந்தார்.

மிலான் அணிக்கு அமெரிக்கர் புதியவர் அல்லர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று புகழ்பெற்ற பில் பிராட்லி என்பவர், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் மேற்படிப்புப் படித்துக்கொண்டே, இத்தாலிக்குச் சென்று அவ்வணிக்காக ஆடினார். 1966ஆம் ஆண்டில் அவ்வணி ஐரோப்பிய வாகையர் கோப்பையைப் பெற்றது. பிராட்லி பின்னாளில் அமெரிக்க ஆட்சி மன்றத்தின் மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். ஆனால் அவர் வந்து சென்றபின், அக்கோப்பை நெடுங்காலம் மிலானுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

வெளிநாட்டில் ஆடச் செல்வோரின் நிலை எளிதன்று. ஓர் அணியில் வெளிநாட்டார் இருவரே ஆடலாம் என்பது அக்காலத்து இத்தாலியில் நிலவிய விதி. அவ்விருவர் மீதே அணியின் சுமை பெரிதும் சாயும். வெற்றி வந்தால் அது கடமை எனப்படும், தோல்வி வந்தால் பழி அவர்மேல் விழும். ஆதலின் பலர் ஓராண்டு ஈராண்டு ஆடி, ஊதியம் பெற்று, ஊர் திரும்பினர். டான்டோனி அவ்வாறு செய்யவில்லை. ஒரே நகரில், ஒரே அணியில், பதின்மூன்று ஆண்டுகள் ஆடினார். பாட்டனார் வழி உரிமையால் இத்தாலியக் குடியுரிமையும் அவருக்கு வாய்த்தது. விருந்தினராகச் சென்றவர் வீட்டாருள் ஒருவரானார்.

எதிரியின் கையிலிருக்கும் பந்தை அவர் அறியாமலே தட்டிப் பறிப்பதில் டான்டோனி வல்லவர். ஆதலின் இத்தாலிய மக்கள், பிரெஞ்சுக் கதைகளில் வரும் ஆர்சேன் லூப்பின் என்னும் திறமைமிக்க திருடனின் பெயரையே அவருக்குச் செல்லப் பெயராக இட்டனர். ஆயினும் பறித்த பந்தைத் தாமே வைத்துக்கொள்வது அவர் இயல்பன்று. டினோ மெனகீன் என்னும் நெடிய இத்தாலிய வீரர்க்கும், 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பாப் மெக்கடூ என்னும் பெருவீரர்க்கும் காலமறிந்து பந்தைக் கொடுத்து, அவர்தம் ஆற்றல் முழுவதும் வெளிப்படுமாறு செய்தார். டேன் பீட்டர்சன் என்னும் பயிற்சியாளர் அவ்வணியை நெறிப்படுத்தினார்.

அவ்வணியின் உறுதியை உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சி 1986ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் நடந்தது. ஐரோப்பிய வாகையர் கோப்பைப் போட்டியில், மிலான் அணி கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரத்து ஆரிஸ் அணியை எதிர்த்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு முறையாக இருமுறை ஆட வேண்டும். இரண்டு ஆட்டங்களிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, மிகுதியாகப் பெற்ற அணியே வென்றதாகக் கொள்ளப்படும். ஆரிஸ் அணியின் தலைசிறந்த வீரர் நிக்கோஸ் காலிஸ். அவர் கதையும் டான்டோனியின் கதையைப் போன்றதே. கிரேக்கப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்து, அங்குள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1979ஆம் ஆண்டில் முன்னோர் நாட்டிற்குத் திரும்பிப் புகழ் எய்தியவர் அவர்.

தெசலோனிகியில் நடந்த முதல் ஆட்டத்தில் ஆரிஸ் அணி 98 புள்ளிகள் பெற்றது. மிலான் பெற்றவை 67. முப்பத்தொரு புள்ளித் தோல்வி! இனி மிலானுக்கு வழியில்லை என்றே பலரும் எண்ணினர். ஒரு கிழமை கழித்து மிலானில் இரண்டாம் ஆட்டம் நடந்தது. முப்பத்தொரு புள்ளிகளை ஒரே பாய்ச்சலில் பெற இயலாது. எதிரி எறியும் ஒவ்வோர் எறியையும் தடுத்து, தாம் பெறும் ஒவ்வொரு பந்தையும் காத்து, சிறுகச் சிறுகவே மீட்க வேண்டும். மிலான் வீரர் அவ்வாறே செய்தனர். ஆட்டம் முடிந்தபோது மிலான் 83 புள்ளிகளும் ஆரிஸ் 49 புள்ளிகளும் பெற்றிருந்தன. இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் மிலானுக்கு 150, ஆரிசுக்கு 147. மூன்றே புள்ளிகளில் மிலான் பிழைத்தது.

பிழைத்த அணி பின்னர்த் தளரவில்லை. 1987ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில், டெல் அவிவ் நகரத்து மக்காபி அணியை 71-69 என்ற கணக்கில் வென்றது. பிராட்லியின் காலத்திற்குப்பின் 21 ஆண்டுகள் கழித்துக் கோப்பை மிலானுக்குத் திரும்பியது. மறு ஆண்டில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அதே மக்காபி அணியை 90-84 என்று வென்று, மீண்டும் அக்கோப்பையைப் பெற்றது. 1989ஆம் ஆண்டில், தம் முப்பத்தெட்டாம் வயதில், டான்டோனி ஐரோப்பியப் போட்டியில் இத்தாலி நாட்டின் சீருடை அணிந்து ஆடினார். பாட்டனார் துறந்து சென்ற நாடு, பேரனாரைத் தன் மகனாக ஏற்றுக்கொண்டது.

1990ஆம் ஆண்டில் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குள் அவர் அணி இத்தாலிய வாகையர் பட்டத்தை ஐந்து முறை பெற்றிருந்தது. அவ்வணியின் வரலாற்றில் அதுவரை மிகுதியான புள்ளிகள் பெற்றவர் அவரே. அவர் அணிந்த 8 என்னும் எண்ணைப் பிறர் எவர்க்கும் வழங்குவதில்லை என்று அணியினர் முடிவு செய்து பெருமை செய்தனர். அந்நாளில் இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்கர் ஒருவரின் மகன், டான்டோனியின் ஆட்டத்தைக் கண்டு வியந்து வளர்ந்தான். அச்சிறுவனே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கோபி பிரையன்ட்.

ஆட்டத்தை விட்டவர் கற்பிக்கத் தொடங்கினார். மிலானிலும் திரெவீசோ நகரிலும் பயிற்சியாளராக இருந்து வெற்றிகள் கண்டார். பின்பு அமெரிக்காவின் டென்வர் நகர அணி அவரை அழைத்தது. 1999ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வணி ஆடிய 50 ஆட்டங்களில் 14இல் மட்டுமே வென்றது; அவர் விலக்கப்பட்டார். இரண்டாம் முறையும் தாய்நாடு அவரை ஒதுக்கியது. அவர் மீண்டும் இத்தாலிக்குச் சென்றார். 2002ஆம் ஆண்டில் திரெவீசோ அணிக்கு நாட்டு வாகையர் பட்டம் பெற்றுத் தந்தார்.

2003ஆம் ஆண்டில் பீனிக்ஸ் நகர அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அமெரிக்க விதிப்படி, பந்தைப் பெற்ற அணி 24 நொடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிதல் வேண்டும். அந்நேரம் முழுவதையும் செலவிடாது, எதிரி நிலைகொள்ளு முன்னரே விரைந்து ஆடுமாறு அவர் பயிற்றினார். உடல்வலியினும் விரைவும், ஒருவர்க்கொருவர் பந்து வழங்கும் பண்புமே அம்முறையின் உயிர். 29 வெற்றிகள் மட்டுமே கண்டிருந்த அவ்வணி, அடுத்த பருவத்தில் 62 வெற்றிகள் பெற்றது. 2005ஆம் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்னும் பட்டம் டான்டோனிக்கு வழங்கப்பெற்றது. 2017ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகர அணியின் பயிற்சியாளராக அப்பட்டத்தை இரண்டாம் முறையும் பெற்றார். தலைமைப் பயிற்சியாளராக அமெரிக்க வாகையர் பட்டம் மட்டும் அவர்க்கு வாய்க்கவில்லை. ஆயினும் அவர் காட்டிய விரைவு முறையைப் பிற அணிகளும் மேற்கொள்ளலாயின.

இரண்டே ஆட்டங்களில் பயனற்றவர் என்று விடப்பட்ட ஒருவர், எந்நாடு தம்மை ஒதுக்கியதோ அந்நாட்டிற்கே ஆட்டத்தின் புதிய நெறியைக் கற்பித்தார். இடையே அவர் செய்தது யாது? தம்மை மதியாத இடத்தைப் பழித்துக்கொண்டிருக்கவில்லை. தமக்கு இடமளித்த நாட்டை இழிவாக எண்ணவும் இல்லை. அங்கே தங்கி, அம்மக்களோடு ஒன்றி, தம் கலையை நாள்தோறும் வளர்த்தார். ஓரிடத்தார் கூறும் தீர்ப்பு அவ்விடத்துத் தீர்ப்பே அன்றி, ஒருவன் ஆற்றலுக்கு முடிந்த முடிபு ஆகாது. முப்பத்தொரு புள்ளிகளைச் சிறுகச் சிறுக மீட்ட மிலான் அணியைப் போலவே, டான்டோனியும் தாம் இழந்த மதிப்பைச் சிறுகச் சிறுக மீட்டார். முயற்சியும் பொறுமையும் உடையார்க்குச் சேய்மை நாடும் அண்மை நாடாகும். விலக்கிய வாயிலும் ஒருநாள் வரவேற்கும் வாயிலாகும்.