பழைய பவர் டில்லரைப் புதுப்பித்தல்: அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

நமது கிராமங்களில் வேப்பமரத்தடியிலும் மாட்டுக்கொட்டிலின் ஓரத்திலும் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய பவர் டில்லர்களைக் காணாதவர் இல்லை. அண்மைக் காலத்தில் அங்கத்தினர் சிலர், சிறப்பாக இளைஞர்கள், இத்தகைய யந்திரங்களை வாங்கிப் பிரித்துச் சீராக்கி மீண்டும் ஓடச் செய்வதை ஓய்வுநேரக் கலையாகக் கொண்டிருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்க பழக்கமே. எனினும், கைத்திறன் மட்டும் இதற்குப் போதாது. கணக்கும் எச்சரிக்கையும் உடன் இருந்தால்தான் இந்தக் கலை குடும்பத்திற்கு நன்மை தரும். இல்லையேல் அது கடனிலோ காயத்திலோ முடியும். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

யந்திரத்தின் வரலாறு

மண்ணைச் சுழலும் கத்திகளால் கிளறும் முறையை 1912-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கில்காண்ட்ரா என்னும் ஊரில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் தம் தந்தையின் பண்ணையில் சோதித்துப் பார்த்தார். இன்று நாம் ரோட்டவேட்டர் என்று சொல்லும் கருவி அந்த முயற்சியின் வழிவந்தது. அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களுக்கென்று சிறிய டிராக்டர்கள் பெருகின. 1961-இல் வெளிவந்த கப் கேடட், 1963-இல் வெளிவந்த ஜான் டியர் 110 ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. அவற்றைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பது அங்கே பலருக்கு இன்றும் விருப்பமான பொழுதுபோக்கு.

நமது நாட்டில் இருக்கையில் அமர்ந்து ஓட்டும் அந்தத் தோட்ட டிராக்டர் பரவவில்லை. சிறு சிறு நெல்வயல்களை உடைய ஜப்பானில் வளர்ந்த, பின்னால் நடந்து செலுத்தும் இருசக்கர யந்திரமே நமக்கு ஏற்றதாக அமைந்தது. 1967-இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடும், 1973-இல் கேரளத்து அத்தாணியில் அமைந்த காம்கோ என்னும் அரசு நிறுவனம் குபோட்டாவின் தொழில்நுட்பத்தோடும் பவர் டில்லர்களைச் செய்து தந்தன. பழையவை என்று இன்று நம் கைக்கு வருபவற்றில் பல இவ்விரு வகையைச் சேர்ந்தவை.

1895 முதல் பெரியாற்று நீர் பாயும் மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிகளின் நெல்வயல்களில் சேற்றுழவுக்கும், தென்னந்தோப்பில் ஊடு உழவுக்கும் இந்த யந்திரம் நன்கு பயன்படும். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காய்ந்து இறுகிவிட்டால் இதற்குப் பெரும் பளுவாகும். ஆகவே, யந்திரத்தை விலை பேசுமுன் அது எந்த மண்ணில் உழைக்கப் போகிறது என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

வாங்குமுன் ஐந்து சோதனைகள்

முதலாவது, அழுத்தம் விடும் நெம்புகோலைத் தூக்கிக்கொண்டு பிளைவீலைச் சுற்றிப் பாருங்கள். எளிதாகச் சுற்றிப் பின்பு நெம்புகோலை விட்டதும் பலமாக எதிர்த்தால், பிஸ்டன் ரிங்குகளும் வால்வுகளும் நல்ல நிலையில் உள்ளன என்று கொள்ளலாம்.

இரண்டாவது, எஞ்சின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

மூன்றாவது, கியர் பெட்டியின் எண்ணெயை விரல்களிடையே தேய்த்துப் பாருங்கள். இரும்புத் துகள்கள் மின்னினால் பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது.

நான்காவது, நீர்த்தொட்டியினுள் விளக்கடித்துப் பாருங்கள். நமது ஆழ்துளைக் கிணறுகளின் உப்புநீர் சுண்ணாம்புபோல் படிந்திருந்தால் எஞ்சின் சூடேறியே உழைத்திருக்கும்.

ஐந்தாவது, எஞ்சின் உடலிலும் கைப்பிடியின் அடிப்பகுதியிலும் விரிசலோ, வெல்டிங் வைத்த தழும்போ உள்ளதா என்று பாருங்கள். எஞ்சின் உடலில் விரிசல் கண்டால் வாங்காதிருப்பதே உத்தமம்.

ஸ்பேனருக்கு முன் கணக்குப் புத்தகம்

ஓர் உதாரணத்தால் இதை விளக்குகிறேன். தொகைகள் பாடத்திற்காக எடுத்துக்கொண்டவையே. ஓர் அங்கத்தினர் ரூ. 25,000 கொடுத்துப் பழைய யந்திரத்தை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். உதிரி பாகங்களுக்கு ரூ. 20,000, லேத் பட்டறைக் கூலிக்கு ரூ. 10,000 என்று மதிப்பிடுகிறார். பிரித்த பின்பே தெரியும் கோளாறுகள் எந்தப் பழைய யந்திரத்திலும் உண்டு. ஆகவே, பழுதுபார்ப்புச் செலவாகிய ரூ. 30,000-இல் நாலில் ஒரு பங்கை, அதாவது ரூ. 7,500-ஐ ஒதுக்கிவைக்க வேண்டும். மொத்தம் ரூ. 62,500 ஆகிறது. அதே வகையில் நன்றாக ஓடும் பழைய யந்திரம் சந்தையில் ரூ. 60,000-க்குக் கிடைக்குமானால், வியாபாரம் என்ற முறையில் இதில் ரூ. 2,500 நஷ்டம்.

இந்த நஷ்டம் தவறன்று. பொழுதுபோக்கிற்கு ஒரு விலை உண்டு. யந்திரத்தின் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டதற்கு ரூ. 2,500 அதிகமும் அன்று. ஆனால், அந்தப் பணம் சொந்தச் சேமிப்பாக இருத்தல் வேண்டும். ரூ. 25,000-ஐ நூற்றுக்கு 12 வட்டியில் ஓராண்டுக்குக் கடன் வாங்கினால் வட்டி ரூ. 3,000 சேர்ந்து நஷ்டம் ரூ. 5,500 ஆகிவிடும்.

பயிர்க்கடனாகப் பெற்ற பணத்தை இதில் போட்டாலோ, விளைவு இந்தக் கணக்கிலேயே அடங்காது. விதை வாங்க வேண்டிய நாளில் விதை இல்லை. மேலுரம் இட வேண்டிய நாளில் உரம் இல்லை. வயல் காட்டும் நஷ்டத்தை எந்தப் பழுதுபார்ப்பும் ஈடு செய்யாது. தவணை தவறினால் அடுத்த பருவத்துக் கடனும் தடைப்படும். யந்திரம் பளபளவென்று நின்றுகொண்டிருக்கும். குடும்பமோ கந்துவட்டிக்காரனைத் தேடிப் போகும். பயிருக்கென்று வாங்கிய பணத்தில் ஒரு நட்டும் வாங்கலாகாது என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

பிரித்தலும் கோத்தலும்

நெசவாள அங்கத்தினருக்கு இப்பகுதியைப் புரியவைப்பது எளிது. பாவு தீர்ந்தவுடன் அச்சிலும் விழுதிலும் மிஞ்சிய இழைகளை அறுத்தெறிந்துவிடாமல், புதுப் பாவை ஒவ்வோர் இழையாக அவற்றோடு பிணைக்கிறோம். பழைய வரிசை நமக்கு வழிகாட்டுகிறது. யந்திரத்திலும் அப்படியே. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு சாக்கின்மேல் பரப்பி, சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். கழற்றுமுன் புகைப்படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பிஸ்டன் இறுகிக்கிடந்தால் சம்மட்டியை எடுக்க வேண்டாம். நாசிலைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பின்பு பிளைவீலை முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். பொறுமையால் விடுபடும் பிஸ்டன் அடியால் உடைந்துபோகும்.

எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு விசையைக் கொண்டுசெல்லும் பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் புதியதே பளு முழுவதையும் சுமந்து விரைவில் அறும். சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிர் வரிசையில் சிறிது சிறிதாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். வால்வு இடைவெளியைக் கண்ணால் மதிக்காமல் ஃபீலர் கேஜ் வைத்தே அளக்க வேண்டும்.

மாற்றங்களில் தக்கதும் தகாததும்

யந்திரத்தில் சொந்த யோசனைப்படி மாற்றம் செய்யும் ஆசை எவருக்கும் எழும். எந்த மாற்றத்தையும் இரண்டு கேள்விகளால் சோதியுங்கள். வேண்டாம் என்றால் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா? யந்திரத்தின் வேகத்தையோ பாதுகாப்பையோ அது தொடுகிறதா?

விளக்குப் பொருத்துதல், கைப்பிடிக்கு ரப்பர் உறை போடுதல், பெல்ட் மூலம் நீரிறைக்கும் பம்பை இணைத்தல் ஆகியவை தக்க மாற்றங்கள். பம்பை இணைக்கும்போது கப்பியின் அளவைக் கணக்கிட வேண்டும். நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றும் எஞ்சினின் 6 அங்குலக் கப்பி, பம்பின் 8 அங்குலக் கப்பியைச் சுழற்றினால் பம்பு 1,500 சுற்றுச் சுற்றும். புதிய பெல்ட்டிற்கும் கப்பிக்கும் மூடி போட மறக்கலாகாது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தொட்டு எஞ்சினை விரைவாக ஓடச் செய்வது தகாத மாற்றம். வேகம் நூற்றுக்கு 20 கூடினால் பிளைவீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நூற்றுக்கு 44 கூடுகிறது. பழைய வார்ப்பிரும்பு அதைத் தாங்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. சுழல்கத்திகளின்மேல் உள்ள தகட்டு மூடியைக் கழற்றி ஓட்டுவது அதனினும் கொடியது. யந்திரம் பின்னோக்கி வருகையில் கத்திகள் சுழலாதபடி தடுக்கும் அமைப்புச் சில வகைகளில் உண்டு. அதை நீக்கினால், கால் இடறிய ஒரு கணத்தில் ஓட்டுபவரின் கால் போய்விடும்.

ஓடச் செய்யும் நாளில்

கைப்பிடி போட்டு எஞ்சினைக் கிளப்பும்போது கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றிய கட்டைவிரல் முறியும். நாசிலைச் சோதிக்கையில் பீறிடும் டீசலின் எதிரே கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளியே தெரிந்தாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அதன் புகை ஓசையின்றி உயிரைப் போக்கும். எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் காற்று புகும் வழியை அடைத்து நிறுத்த, பலகைத்துண்டு ஒன்று அருகில் இருக்கட்டும். கையால் அடைக்க முயலலாகாது.

மற்றொன்று, அனுபவசாலிகளையும் ஏமாற்றுவது. சமதரையில் இடது கிளட்ச்சைப் பிடித்தால் யந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இறங்கும்போது அதே கிளட்ச்சைப் பிடித்தால், விடுபட்ட இடது சக்கரம் தானே விரைந்து உருண்டு யந்திரத்தை வலப்பக்கம் திருப்பிவிடும். கண்மாய்க் கரையிலிருந்தும் வாய்க்கால் சரிவிலிருந்தும் இறங்குவோர் இதை மறந்தால் யந்திரம் கவிழும். ஆகவே, சரிவில் கிளட்ச்சைத் தொடாமல், குறைந்த கியரில், கைப்பிடியாலேயே மெதுவாகத் திருப்புங்கள்.

கூட்டாகச் செய்வோம்

இறுக்க அளவு காட்டும் டார்க் ஸ்பேனர், பேரிங் பிடுங்கும் கருவி, ஃபீலர் கேஜ் ஆகியவை எப்போதாவது ஒருமுறையே தேவைப்படுபவை. தனித்தனியே ஒவ்வொருவரும் வாங்குவது வீண். விருப்பமுள்ள ஐந்தாறு அங்கத்தினர் பணம் சேர்த்து ஒரு தொகுதி வாங்கி, கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு பதிவேடு வைத்துக்கொண்டால் செலவு பங்கிடப்படும், அனுபவமும் பங்கிடப்படும். ஒருவர் பிரிக்கும் நாளில் மற்றவர் வந்து பார்த்தால், ஒரு யந்திரம் ஐந்து பேருக்குப் பாடசாலையாகும்.

துருப்பிடித்த யந்திரம் மீண்டும் உழுவது மகிழ்ச்சிக்குரியது. அதைப் புதுப்பித்தவர் கை கால் சுகத்தோடும் தவணை பாக்கியின்றியும் அதன் பின்னால் நடப்பதே முழு வெற்றி.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

1. மேற்சொன்ன உதாரணத்தில் பழைய யந்திரத்தின் விலை ரூ. 20,000 ஆனால் லாபமோ நஷ்டமோ எவ்வளவு?

2. பம்பு 1,000 சுற்றுச் சுற்ற வேண்டுமானால் அதன் கப்பி எத்தனை அங்குலம் இருக்க வேண்டும்?

3. நம் ஊரில் ஓடும் பவர் டில்லர்களில் மூடி கழற்றப்பட்டவை எத்தனை? அவற்றை மீண்டும் பொருத்தச் செய்ய நாம் என்ன செய்யலாம்?