இறுக்கினா நிக்காது: பழைய ரயில் பெட்டிக் குழாய்க்கு ஒரு பாடம்

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, அவ்வளவுதான். சேலம் வழியாகப் போகும் சென்னை–பேப்பூர் ரயில் பாதை 1862-ல் முழுமையாச்சு. அதுக்கப்புறம் ரயிலில் வந்த காபித் தோட்டத் துரைகளும் கீழே இறங்கித்தான் மலை ஏறணும். அப்புறம் எதுக்கு ஏற்காட்டை வச்சு ரயில் பெட்டிக் குழாய் பத்திக் கட்டுரைன்னு கேப்பீங்க.

காரணம், பித்தளை. சேர்வராயன் மலையில் பழைய பங்களாவைப் புதுப்பிக்கிறவங்க முதல்ல செய்யற காரியம், ஒழுகுற பித்தளைக் குழாயைக் கழற்றி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடறதுதான். அது திருகி மூடும் குழாய். 1845-ல் இங்கிலாந்தின் ராதரம் ஊரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு. பழைய ரயில் பெட்டிகளின் குளியலறையிலும் இதே வேலை செய்யற குழாய்களைப் பார்க்கலாம். ஒண்ணைச் சரிசெய்யத் தெரிஞ்சா இன்னொண்ணும் கைவரும்.

அப்படிப்பட்ட பெட்டியைப் பக்கத்துல பார்க்கணும்னா மைசூரு ரயில் அருங்காட்சியகம் போங்க. 1899-ஐச் சேர்ந்த மகாராணி சலூன் அங்கே நிக்குது, சமையலறை, கழிவறை எல்லாத்தோடயும். (சாதாரண ஜனங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1909-ல் ஒகில் சந்திர சென் என்ற பயணி, ஸ்டேஷனில் ஒதுங்கப் போன நேரத்துல ரயில் கிளம்பிடுச்சுன்னு கொதிச்சு எழுதின கடிதம் ரொம்பப் பிரபலம்.)

ரயில் பெட்டியில் கூடுதலா ஒரு ஆபத்து உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிகள் பல, தேக்கு உடலும் எஃகு அடிச்சட்டமும் கொண்டவை. நொடிக்கு ஒரு சொட்டு, சொட்டு 0.05 மி.லி.ன்னு வைங்க. நாளைக்கு 86,400 சொட்டு, கிட்டத்தட்ட 4.3 லிட்டர். அது பேசினுக்குள்ள விழுந்தா தண்ணிதான் வீண். இணைப்பில் கசிஞ்சு தரைப் பலகைக்கு அடியில போனா? மேல பளபளன்னு இருக்கும், கீழ மரம் உளுத்து, சட்டம் துருப்பிடிச்சிருக்கும். குழாயைக் காப்பாத்தறதுன்னா உண்மையில் பெட்டியைக் காப்பாத்தறது.

ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: எப்போ ஒழுகுது?

மூடின பிறகும் வாயிலிருந்து சொட்டினா, கோளாறு வாஷரில், இல்லைன்னா வாஷர் உட்காரும் சீட்டில். திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடித் தண்டைச் சுத்திக் கசிஞ்சா, கிளாண்ட் நட்டுக்குள்ள இருக்கும் திணிப்பு தேஞ்சிருக்கு. (மூடினா அந்த இடத்துக்குத் தண்ணியே போகாது, அதனாலதான் நின்னுடுது.) திறந்தாலும் மூடினாலும் கசிஞ்சா பைப் இணைப்பு. இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்காம கழற்ற ஆரம்பிக்காதீங்க.

இப்போ முதல் வகைக்கு வருவோம். சொட்டுதுன்னா நாம என்ன செய்வோம்? பல்லைக் கடிச்சு இறுக்குவோம். கணக்குப் போட்டுப் பாருங்க. பெட்டியின் தொட்டி கூரையில் இருக்கு. குழாய்க்கு மேல 1.5 மீட்டர் தண்ணி நிக்குதுன்னா அழுத்தம் சுமார் 14.7 கிலோபாஸ்கல். சீட் துளையின் விட்டம் 12 மி.மீ.ன்னா பரப்பு 113 சதுர மி.மீ. வாஷரைக் கீழிருந்து தள்ளும் விசை 1.7 நியூட்டனுக்கும் குறைவு. சின்ன டம்ளர் தண்ணியோட எடை! அதைத் தடுக்க உங்க புஜபலம் தேவையே இல்லை. அப்படியும் சொட்டுதுன்னா வாஷர் காய்ஞ்சு கட்டியாயிருக்கு, இல்லைன்னா சீட்டில் கீறல் இருக்கு. இறுக்க இறுக்கக் கீறல் ஆழமாகும், ஸ்பிண்டில் மரை தேயும். நூறு வருஷக் குழாயை ரெண்டே மாசத்துல கொல்ற வழி இதுதான்.

சரியான வழி இது. தொட்டியைக் காலி பண்ணுங்க. ஸ்பேனர் வாயில் தோல் துண்டு வச்சு மேல்பாகத்தைத் திருகுங்க. வரலைன்னா ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்க. புளோ லாம்ப் பக்கமே போகாதீங்க: காரீயம்–வெள்ளீய சாலிடர் 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிச்சிடும், பக்கத்துல வேற காய்ஞ்ச தேக்கு. அந்தக் காலத்துப் பைப்பிலும் சாலிடரிலும் காரீயம் இருக்கலாம், அதனால அந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டாம்.

வாஷர் தோலா இருந்தா தோலையே வெட்டிப் போடுங்க, எண்ணெயில் ஊறவச்சு. சீட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் தடுக்கினா, சீட்டைச் சீவும் கை கட்டரை லேசா ஒரு சுத்து விட்டா போதும். ரெண்டாவது சுத்துக்குக் கை பரபரக்கும், வேண்டாம். எடுத்த பித்தளை திரும்ப வராது. கிளாண்டுக்கு கிரீஸ் தடவின பருத்தி நூல், நட் இறுகும் திசையிலேயே சுத்தணும். இணைப்புக்கு நம்ம பிளம்பர்கள் வைக்கிற சணல் நூலே நல்லது. எபாக்ஸி பூசி அடைக்கிறது வேண்டவே வேண்டாம், அடுத்தவன் கழற்ற முடியாது.

திருகு இல்லாம, கூம்புக் கட்டை கால் சுத்து சுத்தித் திறக்கும் குழாயும் வரும். அதுக்கு வாஷரே கிடையாது. மெக்கானிக்கல் லேபில் என்ஜின் வால்வு தேய்ப்போமே, அதே பேஸ்ட் தடவி கூம்பை அதன் கூட்டிலேயே மெல்லத் தேய்க்கணும்.

ஒண்ணை மட்டும் எந்த வாஷராலும் சரிசெய்ய முடியாது. மஞ்சள் பித்தளையில் அங்கங்கே செம்பு நிறத் திட்டு தெரிஞ்சா, உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைஞ்சு போயிருக்கு. மிச்சம் இருக்கறது பஞ்சு மாதிரி செம்பு. உடம்பு வழியாவே கசியும். அதை ஓய்வில் காட்சிக்கு வச்சிட்டு, தண்ணிக்கு வேற குழாய் போடலாம். பளபளப்புக்குப் புளி போட்டுத் தேய்க்கிற ஆசையும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி, நிக்கல் முலாம் பூசின குழாய்க்குத் தேய்ப்பே எதிரி.

எல்லாம் பூட்டினதும் தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர் வச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில காய்ஞ்சிருந்தா பாதி வேலை முடிஞ்சது. பெட்டி ஓடப்போறதா இருந்தா முதல் ஓட்டம் முடிஞ்சதும் கிளாண்ட் நட்டைத் தொட்டுப் பாருங்க, ஆட்டத்தில் தளர்ந்திருக்கும். கால் சுத்து போதும்.