காபியோடு போகும் இரும்புச்சத்து

கேள்வி: எனக்கு வயது 44. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, மூட்டு வலிக்குக் கால்சியம், வாரம் ஒருமுறை வைட்டமின் டி என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். முடி கொட்டுகிறதே என்று நானாக பயோட்டினும் வாங்கிப் போடுகிறேன். மறந்துவிடக் கூடாதே என்று காலைக் காபியோடு எல்லாவற்றையும் விழுங்கிவிடுவேன். சத்துதான் மாத்திரையில் வருகிறதே என்று டிபன் இரண்டு பிஸ்கட்டோடு சரி. மூன்று மாதமாகியும் ஹீமோகுளோபின் 9.2-லிருந்து 9.5-க்குத்தான் வந்திருக்கிறது. வேறு பிராண்டுக்கு மாறலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: பிராண்டை விட்டுவிடுங்கள் அம்மா, முதலில் காபியைத் தள்ளி வையுங்கள். காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு, அது குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கின்றன. போதாததற்குக் கூடவே கால்சியமும் போடுகிறீர்கள்; அதுவும் இரும்பைத் தடுக்கும். நீங்கள் விழுங்கியதில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறியிருக்கும்.

எழுந்ததும் இரும்பு மாத்திரையைத் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடுங்கள். காபி குடிக்க ஒரு மணி நேரமாவது போகட்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். மலம் கறுப்பது இந்த மாத்திரையால்தான், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். கால்சியத்தை இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையும் எடுப்பவர் என்றால், அதற்கும் இந்த இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. வெறும் காபியோடு போடுவதைவிட, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு போடுவது மேல். அது 60,000 யூனிட் மாத்திரையாக இருந்தால் வாரம் ஒன்றுதான். தினமும் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் உண்டு. பயோட்டின் குறைபாடு அபூர்வம், உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். ரத்தசோகையாலேயே முடி கொட்டும். தவிர, பயோட்டின் தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தப்பாகக் காட்டக்கூடியது.

என்னை அதிகம் உறுத்துவது அந்த இரண்டு பிஸ்கட்தான். 2011-இல் வெளியான ஒரு தைவான் ஆய்வில், எல்லோருக்கும் சத்தே இல்லாத போலி மாத்திரையைக் கொடுத்து, சிலரிடம் மட்டும் அது மல்டிவைட்டமின் என்று சொன்னார்கள். அப்படி நம்பியவர்கள், சத்தான சாப்பாட்டைவிட பஃபே விருந்தையே அதிகம் விரும்பினார்கள்; நடந்ததும் குறைவு. மாத்திரை தரும் தைரியம் அப்படி! வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

மாத்திரையில் புரதம் கிடையாது, நார்ச்சத்து கிடையாது. ஹீமோகுளோபினே ஒரு புரதம்தான். காலையில் முளைகட்டிய பயறோ அடையோ சாப்பிடுங்கள், முட்டை சாப்பிடுகிறவர் என்றால் ஒரு முட்டை. கீரையில் உள்ள இரும்பு லேசில் உடம்பில் சேராது. பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ சாப்பாட்டோடு சேரட்டும். ஆட்டு ஈரல் சாப்பிடுகிற வீடு என்றால் அதிலுள்ள இரும்பு இன்னும் சுலபமாகச் சேரும்.

மாதவிடாயில் எவ்வளவு ரத்தம் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் பலருக்கு அதிகமாகப் போகும். காரணம் கர்ப்பப்பைக் கட்டியாகவும் இருக்கலாம். மாத்திரை நேரத்தை மாற்றிய பிறகும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள். போக்கு இப்போதே அதிகமென்றால் அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம்.