சூடப் பொட்டலம் மூச்சைத் தராது

நம்பிக்கை: சூடம், ஓமம், கிராம்பு மூன்றையும் துணியில் முடிந்து, நாலு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்துகொண்டே இருந்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறும்.

உண்மை: பொட்டலத்தால் ஆக்ஸிஜன் ஏறாது.

ஐப்பசி மழை பிடித்தால் போதும், வேலம்பாளையத்தின் பனியன் கம்பெனிகளில் இந்தப் பொட்டலம் முளைத்துவிடுகிறது. கட்டிங்கில் மிஞ்சும் துண்டுத் துணிக்கு இங்கே பஞ்சமில்லை. ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் ஒன்று தொங்கும், செக்கிங் டேபிள் ஓரத்தில் ஒன்று கிடக்கும், வீட்டுக்குப் போனால் தொட்டிலில் ஒன்று கட்டியிருக்கும். 2021 ஏப்ரலில், கொரோனாவின் இரண்டாம் அலையில், நாடே ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்த நாட்களில் வாட்ஸ்ஆப்பில் கிளம்பிய செய்தி இது. லடாக் போகும் சுற்றுலாப் பயணிகளுக்கு இதைத்தான் கொடுக்கிறார்கள், ஆம்புலன்ஸில்கூட இதை வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் அதில் ஜோடித்திருந்தார்கள். பொய் என்று அப்போதே மருத்துவர்கள் சொன்னார்கள், பத்திரிகைகள் எழுதின. கொரோனா ஓய்ந்தது, பொட்டலம் மட்டும் ஓயவில்லை. இப்போது சாதாரண சளிக்கும் ஃப்ளூவுக்கும் அதே கதையோடு வருகிறது. சளி பிடித்தவர் வாசனை முகர்ந்து கொஞ்சம் இதமாக இருப்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. இதத்தை ஆக்ஸிஜன் என்று சொல்வதில்தான் வழக்கு.

ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள், நான்கு இருக்கைகள் மாதிரி. ஒவ்வொன்றும் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். நுரையீரலின் காற்றுப் பைகளில், மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் காற்றும் அந்தப் பக்கம் ரத்தமுமாக இருக்கும்போது இந்தக் கைமாற்றம் நடக்கிறது. நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு இந்த இருக்கைகளில் 95 முதல் 100 சதவீதம் வரை எப்போதும் நிரம்பியே இருக்கும். நிறைந்த குடத்தில் எதை ஊற்றுவது? மூக்கு அடைத்தாலும் வாயால் மூச்சு விடுகிறோம், அதனால் வெறும் மூக்கடைப்பில் அளவு குறைவதுமில்லை. நிஜமாகவே குறைகிறது என்றால், பல சமயம் நிமோனியாவில் நடப்பதுபோலக் காற்றுப் பைகள் நீரும் சீழுமாக நிறைந்திருக்கின்றன என்று பொருள். காற்றே நுழையாத பைக்குள் சூட வாசனை மட்டும் நுழைந்து என்ன செய்யும்? சூடத்திலும் கிராம்பிலும் ரத்தத்துக்குக் கொடுக்க ஆக்ஸிஜன் கிடையாது; ஹீமோகுளோபினின் பிடிப்பைக் கூட்டும் சக்தியும் கிடையாது.

“மெஷினில் 93 காட்டியது, முகர்ந்த பிறகு 96 காட்டியதே” என்பார்கள். காட்டியிருக்கும். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரல் வழியே பாய்ச்சி, துடிப்போடு வரும் ரத்தத்தின் நிறத்தை அளக்கிற கருவி. மழையில் நனைந்து சில்லிட்ட விரலில் ரத்த ஓட்டம் குறைவு. நகப்பூச்சு இருந்தால் ஒளி தடைப்படும். கை ஆடினால் எண் தடுமாறும். பொட்டலத்தை எடுத்தவர் என்ன செய்கிறார்? ஓரிடத்தில் உட்காருகிறார், ஆழமாக நாலைந்து மூச்சு இழுக்கிறார், அதற்குள் விரலும் சூடாகிறது. எண் ஏறுகிறது. பொட்டலத்தைத் தூர வைத்துவிட்டு அதே நாலைந்து மூச்சை இழுத்துப் பாருங்கள், அப்போதும் ஏறும். உழைத்தது உங்கள் விலா எலும்புகள். பெயர் வாங்கியது சூடம்.

அப்படியானால் மூக்கு ‘பளிச்’ என்று திறந்த மாதிரி இருக்கிறதே, அது பொய்யா? உணர்வு பொய்யில்லை, திறந்தது என்பதுதான் பொய். புதினாவிலிருந்து வரும் மென்தாலும் நீலகிரித் தைலத்தின் முக்கியச் சரக்கான சினியோலும் மூக்கின் நரம்பு நுனிகளில் உள்ள குளிர் ஏற்பியைத் தட்டி எழுப்புகின்றன. குளிர்காற்று பட்டால் விழிக்க வேண்டிய ஏற்பி அது. மென்தாலை வைத்தே 2002-இல் அந்த ஏற்பியை அடையாளம் கண்டவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் உண்டு. தொடு உணர்வையும் வெப்ப உணர்வையும் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள்தான். ஏற்பி விழித்ததும், காற்று தாராளமாக உள்ளே போகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ரானால்ட் எக்கிள்ஸ் குழுவினர் சளி பிடித்தவர்களுக்கு மென்தால் கொடுத்து மூக்கின் காற்றுத் தடையைக் கருவியால் அளந்தார்கள். மூக்கு திறந்துவிட்டதாகச் சளி பிடித்தவர்கள் சொன்னார்கள். கருவியோ தடை அப்படியே இருக்கிறது என்றது.

இந்த உணர்வுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதை மறுப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் 2 முதல் 11 வயது வரையுள்ள 138 குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. கற்பூரமும் மென்தாலும் நீலகிரித் தைலமும் கலந்த களிம்பை மார்பிலும் கழுத்திலும் தேய்த்த குழந்தைகள் அன்றிரவு மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள், பெற்றவர்களும் தூங்கினார்கள். எரிச்சல் வந்ததும் அந்தக் குழந்தைகளுக்குத்தான். ஓர் இரவுத் தூக்கம் சின்ன விஷயமா? இல்லை. ஆனால் கிடைத்தது தூக்கம். நோய் ஒரு நாள் முன்னதாகப் போய்விட்டதாக அந்த ஆய்வு காட்டவில்லை. இந்த எல்லைக்குள் நின்றால் தைலம் நல்ல துணை. எல்லை தாண்டினால் அது செய்யும் கெடுதல் இரண்டு வகை.

முதலாவது நேரடியான நஞ்சு. கற்பூரம் மூளையைத் தூண்டி வலிப்பை வரவழைக்கும் பொருள் என்பது மருந்தியலில் பழைய பாடம். 20 சதவீதக் கற்பூர எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, உள்ளே போனால் ஒரு கிராம் கற்பூரம் போகிறது. ஒரு கிராமே சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததாகப் பதிவு உண்டு. 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் சேர்த்த மருந்துகளை அமெரிக்கா 1980-களிலேயே தடுத்துவிட்டது. பூஜைக்குச் செய்த சூடக்கட்டிக்கு மருந்துக்கான அளவும் கிடையாது, தரமும் கிடையாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி நரம்பியல் மருத்துவர்களின் முயற்சியில் தென்னிந்திய மருத்துவமனைகளில் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வில், வலிப்போடு வந்த 350 பெரியவர்களில் 55 பேருக்கு அந்த வலிப்பு வாசனை எண்ணெய்களோடு தொடர்புள்ளதாக இருந்தது. குற்றவாளிகள் கற்பூரமும் நீலகிரித் தைலமும். பெரியவர்களுக்கே இப்படியென்றால், தேங்காயெண்ணெயில் சூடத்தைக் காய்ச்சிப் பிறந்த சிசுவின் நெஞ்சில் தேய்ப்பதையும், மூக்குத் துவாரத்தில் தைலம் தடவுவதையும் என்னவென்று சொல்வது? சிசுவின் தோல் மெல்லியது, மூச்சுக்குழாய் ஒடுங்கியது, எரிச்சல் பட்டால் சளி இன்னும் சுரந்து அடைக்கும். இரண்டு வயதுக்குக் கீழே எந்தத் தைலமும் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர் இருக்கும் வீட்டிலும் வேண்டாம். பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ வற்புறுத்தினாலும் வேண்டாம்.

“காலங்காலமாக நம் முன்னோர் செய்தது” என்ற பதில் உடனே வரும். எந்த முன்னோர்? நீலகிரித் தைலம் தரும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவின் மரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக நீலகிரியில் நட்டது. இரண்டு நூற்றாண்டு வயதுகூட ஆகவில்லை. பழமை இருந்தாலுமே அது பாதுகாப்புக்குச் சான்றாகாது, எருக்கம்பாலும் அரளியும்கூட முன்னோர் அறிந்தவைதான். “வெளிநாட்டிலேயே சினியோலை மாத்திரையாகக் கொடுக்கிறார்களே” என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஜெர்மனியில் சைனஸ் அழற்சி உள்ள பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம் அளந்து, குடலில் கரையும் உறைக்குள் வைத்து, மூன்று வேளை கொடுத்துச் சோதித்தபோது ஓரளவு பலன் தெரிந்தது. அளவு, உறை, வயது, மேற்பார்வை எல்லாம் சேர்ந்தால்தான் அது மருந்து. பாட்டிலிலிருந்து சொட்டுவதற்கு அதில் எந்த அனுமதியும் இல்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஆவி பிடித்தால் வைரஸ் செத்துவிடும் என்கிறார்கள்: வைரஸைக் கொல்லும் சூடு உங்கள் தொண்டையையும் வேகவைத்துவிடும்; ஆவியால் வரும் உறுதியான விளைவு, பாத்திரம் கவிழ்ந்து குழந்தையின் தொடை வெந்துபோவதுதான். 2021 மே மாதம் ஊர் ஊராகப் பொது இடத்தில் ஆவி பிடிக்கும் கூடாரம் போட்டபோது, தொற்று பரவும், வேண்டாம் என்று சுகாதாரத் துறை அமைச்சரே சொல்ல வேண்டியிருந்தது. உள்ளங்காலில் தைலம் தேய்த்து சாக்ஸ் போட்டால் இருமல் நிற்குமா? நிற்காது. அறையில் வாசனைக் கருவி வைத்தால் கிருமி சாகுமா? சோதனைத் தட்டில் சாகும், கூடத்தில் சாகாது. ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரும். சூடம் இல்லாவிட்டால் அந்துருண்டை போடலாமா? அந்துருண்டை நாப்தலீன், சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே உடைத்துவிடும்.

பொட்டலத்துக்கே திரும்புவோம். இரண்டாவது கெடுதல் இன்னும் பெரியது: தாமதம். நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, பொட்டலத்தை முகர்ந்ததும் நரம்பு ஏமாந்து இதமாகிறது, காலையில் பார்க்கலாம் என்று குடும்பம் தூங்கப் போகிறது. நிமோனியா தூங்குவதில்லை. தைலத்தைத் தேடும் கையால் குழந்தையின் சட்டையைத் தூக்குங்கள். அழாமல் இருக்கும்போது, மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே அது வேக மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். விலாவுக்குக் கீழே சதை உள்வாங்குகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்று பாருங்கள். பெரியவருக்கு ஓய்வில் 94-க்குக் கீழே எண் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 108 இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் பொட்டலம் ஏன் ஜெயிக்கிறது? ஷிப்டை இழக்காமல் கிடைக்கும் ஒரே வைத்தியம் அதுதான். ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால்தான் வாரக் கூலி நிற்கும் ஊரில், காய்ச்சலோடு வருகிறவர் மெஷினை விட்டு எழ முடியாது. பொட்டலத்தை முகர்ந்துகொண்டே தைக்கலாம். ஃப்ளூ மிக வேகமாகப் பரவுவது முதல் மூன்று நாட்களில். அவரோடு தோளுரசி உட்கார்ந்திருக்கும் வரிசை முழுவதற்கும் அதே வாரத்தில் காய்ச்சல். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும், இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளிக்குச் சுகவீன உதவித்தொகையாகச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. விதிப்படி நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. ஒருவர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டிய இரண்டு நாள் எதுவோ, அந்த இரண்டு நாளுக்குத்தான் கூலி இல்லை. பீஸ் ரேட்டில் கான்ட்ராக்ட்காரரிடம் தைப்பவர்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே இல்லை.

ஆகவே கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சலோடு வருகிறவருக்கு அந்த முதல் இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். ஒருவருக்குக் கொடுக்கும் இரண்டு நாள் கூலி, ஒரு லைன் முழுவதும் படுத்து ஷிப்மென்ட் தள்ளிப்போவதைவிட மலிவு. ஜன்னலைத் திறந்து வையுங்கள், மழைக்காலத்துக்கு முன் ஃப்ளூ தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். தொழிலாளத் தோழர்களே, ஓமத்தையும் கிராம்பையும் அடுப்படியில் வையுங்கள், சூடத்தை சாமி முன்னால் ஏற்றுங்கள். தைலம் வேண்டுமென்றால் பெரியவர்கள் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள், குழந்தையிடமிருந்து தள்ளி வையுங்கள். மூச்சு வாங்கினால் எதையும் முகராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.