பூனைக்குத் தீராத வயிற்றுக் கோளாறா?

பூனைக்கு ஓரிரு நாள் வயிறு கெட்டுத் தானே சரியாவது சகஜம். வாந்தியோ பேதியோ மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நாட்பட்ட கோளாறு. அதன் பிறகும் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. காரணத்தைத் தேட வேண்டும். கால்நடை மருத்துவன் என்ற முறையில் நான் தேடும் வரிசையைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி ஆகாரம் பற்றியது. "பாலும் தயிர் சாதமும்தான் டாக்டர்" என்பார்கள் நம்மவர்கள். தாய்ப்பால் மறந்த பூனைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. பத்து நாள் பாலை நிறுத்தியதுமே குணமான பூனைகளைப் பார்த்திருக்கிறேன். (சைவ வீட்டார் மன்னிக்க வேண்டும்: பூனை மாமிச பட்சணி. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். இதயம் கெடுவதை ஆய்வாளர்கள் 1987-இல் நிறுவினார்கள்.)

அடுத்து மலம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, சளியோடு போனால் கோளாறு பெரும்பாலும் பெருங்குடலில். நிறையப் போய் உடம்பும் இளைத்தால் சிறுகுடலைச் சந்தேகிப்பேன். ஜியார்டியா என்ற கிருமி தினமும் வெளிவராது. ஆகவே ஒரு பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடாமல், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை பார்க்கச் சொல்வேன். பத்து வயது தாண்டிய பூனை நன்றாகத் தின்றும் இளைத்தால், குடலை விட்டுத் தைராய்டு, சிறுநீரகம் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்வேன்.

இவற்றில் விடை இல்லையென்றால் ஆகாரச் சோதனை. பூனை இதுவரை தின்னாத ஒரே இறைச்சியை மட்டும் கொடுக்க வேண்டும். கோழியும் மீனும் பழகியதென்றால் வாத்து இறைச்சி. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். ஒவ்வாமைதான் காரணமென்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வயிறு கட்டுப்படும். பிறகு பழைய ஆகாரத்தைக் கொடுத்து, மறுபடி பேதியானால்தான் நிச்சயம். சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுக் குழந்தைகள் நீட்டும் பிஸ்கட்டும் பக்கத்து வீட்டு மாமி வைக்கும் மீன் தலையும்தான்! அந்த வாரங்களில் பூனையை வெளியே விடாதீர்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் ஸ்கேன், பி12 பரிசோதனை, கடைசியாகக் குடல் சதைப் பரிசோதனை. குடல் அழற்சியும் குடல் புற்றுநோயும் வெளிக்கு ஒன்றுபோலவே தெரியும். சதைப் பரிசோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றுநோய் மறைந்து நின்றுவிடும். எனவே மருத்துவரிடம் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு துண்டே பூனையைக் கொல்லும்.

மருத்துவரிடம் போகும்போது அன்றைய மலம், தீவன உறையின் அட்டை, வாராவாரம் எடுத்த எடைக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.