கல்லெழுத்தும் வலையெழுத்தும்

நுழையும்முன்

பிறந்த ஊரைப் பற்றியும் விரும்பிய கலையைப் பற்றியும் தாமே வலைத்தளம் அமைப்போர் இன்று பலர். அவர்கள் அதனைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். ஆர்வமே அவர்களின் முதலீடு. அவ்வாறு உழைத்து அமைத்த தமிழ்த்தளங்கள் பல, சில ஆண்டுகளிலேயே படிக்க இயலாதவை ஆயின. அதற்கான காரணத்தையும், நெடுநாள் நிற்கும் பக்கத்தை அமைக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு செய்தி, இரண்டு எழுத்து

மாமல்லபுரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் உள்ளது சாளுவன்குப்பம். அங்குள்ள குடைவரைகளுள் ஒன்று அதிரணசண்டன் குடைவரை. இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனின் விருதுப்பெயர்களுள் ஒன்றே அதிரணசண்டன் என்பது. அக்குடைவரையில் வடமொழிச் செய்தி ஒன்று ஒருபுறம் பல்லவ கிரந்த எழுத்திலும் மறுபுறம் நாகரி எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. தெற்கிலிருந்து வந்தவரும் வடக்கிலிருந்து வந்தவரும் தத்தமக்குப் பழகிய எழுத்தில் அதனைப் படித்திருக்க இயலும். இன்று கடற்கரைக்கு வரும் பெரும்பாலோர்க்கு அவ்விரண்டுமே வெறும் கோடுகளாகத் தோன்றும். எழுத்தறிந்த கல்வெட்டியலாளர் வந்து படித்துச் சொன்னால்தான் கல் பேசும்.

சொல் ஒன்றாகவே இருந்தும் எழுத்து வேறுபட்டால் செய்தி சென்று சேராது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் வலைப்பக்கங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆனால், அங்கே எழுத்து வடிவம் மாறவில்லை. அவ்வடிவத்திற்குக் கணினி கொடுத்த எண் மாறியது.

எண்ணாகும் எழுத்து

கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணையே நினைவில் வைக்கிறது. இந்த ஏற்பாட்டிற்குக் குறியேற்றம் என்பது பெயர். தொடக்கக் காலத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் இடத்தில் தமிழ் எழுத்து வடிவங்கள் வைக்கப்பட்டன. எந்த எண்ணில் எந்த வடிவத்தை வைப்பது என்பதை ஒவ்வோர் எழுத்துருவாளரும் தம் விருப்பம்போல் முடிவு செய்தனர். எனவே, ஒருவர் எழுதிய பக்கத்தை அவர் பயன்படுத்திய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றின. நாளிதழ்களின் தளங்களும் இதற்கு விலக்கல்ல. ஓர் இதழுக்கு ஓர் எழுத்துரு எனத் தரவிறக்கிய பின்னரே வாசகர் படிக்க முடிந்தது.

இந்நிலையிலும் தமிழை வலையேற்றியவர்களின் உழைப்பு பெரிது. சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று 1995ஆம் ஆண்டில் நான்கு மொழிகளில் வலையேறியபோது, அதன் தமிழ்ப்பகுதியைத் தோன்றச் செய்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை அமைத்தார். இவர்களுள் பலருக்குக் கணினி வாழ்வுத்தொழில் அன்று என்பது எண்ணத்தக்கது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டிற்குப்பின் தாப், தாம் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்டன. மின்னஞ்சல் வழியே கூடி உரையாடிய ஆர்வலர்கள் உருவாக்கிய திஸ்கி என்னும் குறியேற்றமும் அதே காலத்தில் பரவியது. குழப்பம் குறைந்ததே அன்றித் தீரவில்லை.

தீர்வு ஒருங்குறியில் இருந்தது. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் அத்தரத்தில், 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பிறகே அது மக்கள் கைக்கு வந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

பழைய எழுத்துருவிற்கும் ஒருங்குறிக்கும் உள்ள வேறுபாட்டைக் கோவளம் என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டே அறியலாம். பழைய முறையில் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் முதலில் இரட்டைக்கொம்பு, அடுத்துக் ககரம், அதன்பின் கால் என மூன்று துண்டுகளாகக் ‘கோ’ சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் முதலில் ககரம். அதனைத் தொடர்ந்து ஓகாரக் குறி. ஒலிக்கும் முறையே சேமிக்கும் முறையாகிறது. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் எனத் தமிழிலக்கணம் கூறும் முறைக்கு இது நெருங்கி வருவது தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தரும்.

மறைந்த தளங்களும் நிலைத்த தளமும்

தனியார் இலவசமாக அளித்த இடங்களிலேயே அக்கால ஆர்வலர்கள் தம் பக்கங்களை வைத்தனர். அவற்றுள் பெரியதாகிய ஜியோசிட்டீஸ் 2009ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பான் தவிர்த்த நாடுகளில் மூடப்பட்டது. உலகெங்கும் உள்ள எளியோர் அமைத்த எண்ணற்ற பக்கங்கள் அதனுடன் மறைந்தன. இணைய ஆவணகம் போன்ற அமைப்புகள் படியெடுத்தவை மட்டுமே எஞ்சின. அவ்வாறு எஞ்சிய பழைய தமிழ்ப்பக்கங்களும் எழுத்துரு இல்லாமல் கலங்கிய நிலையில் திறக்கின்றன.

இதற்கு மாறான சான்று மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தும் பிழைதிருத்தியும் கட்டணமின்றி வழங்கினர். தொடக்கத்தில் திஸ்கியில் அமைந்த கோப்புகள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அத்தளத்தின் தோற்றத்தில் அணிகள் இல்லை. அசையும் படங்கள் இல்லை. கால் நூற்றாண்டு கடந்தும் அது படிக்கப்படுகிறது. அழகிய முகப்பிற்கு முதன்மை தந்த தளங்கள் பல மறைந்தபின்னும் இந்த எளிய தளம் நிலைத்திருப்பது, புதிதாகத் தளம் அமைப்போர் முதலில் காண வேண்டிய காட்சி.

ஒரு பக்கம் உருவாகும் முறை

சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றிச் செங்கல்பட்டு மாணவி ஒருவர் வலைத்தளம் அமைக்க விரும்புகிறார் எனக் கொள்ளலாம். அவருக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. எழுத, நோட்பேட் அல்லது விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற உரைத்திருத்தி. படங்களைச் சுருக்க, கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள். சரிபார்க்க, ஏதேனும் ஓர் உலாவி. பக்கத்தின் அமைப்பை எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியும் தோற்றத்தைச் சி.எஸ்.எஸ். என்னும் நடைமொழியும் காட்டும். இரண்டையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்தால், பின்னாளில் நிறத்தை மாற்ற ஒரு கோப்பைத் திருத்தினால் போதும்.

அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, பக்கத்தின் தலைப்பகுதியிலேயே அதன் குறியேற்றம் யுடிஎஃப்-8 என்பதை அறிவித்தல். ஒருங்குறி எண்களைக் கோப்பில் சேமிக்கும் முறையே யுடிஎஃப்-8. இவ்வறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அமைய வேண்டும் என்பது விதி. அதனை மறந்தால் உலாவி ஊகிக்கத் தொடங்கும். ஊகம் தவறினால் தமிழ் சிதையும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான், அக்குறிப்பைக் கொண்டே தமிழ்க்குரலைத் தேர்ந்தெடுக்கும்.

தெரிந்து தெளிவோம்

யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறியும் 3 பைட்டு இடம் கொள்ளும். ‘மாமல்லபுரம்’ என்னும் சொல்லில் மெய்ப்புள்ளிகளும் துணையெழுத்துகளும் உட்பட 11 குறிகள் உள்ளன. ஆகவே, அது 33 பைட்டு. ஔவையார் என்னும் பெயரின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சுச் செய்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடுபொறிக்கோ அது வேறொரு சொல். ‘இந்தியா’, ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’ என முடியும் தமிழ் இணையமுகவரிகளும் வழக்கில் உள்ளன.

அடுத்து எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை முதலியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஒரு தளத்திற்கு ஒன்று போதும், மிகின் இரண்டு. ஆங்கிலப் பக்கங்களுக்கெனக் கூறப்படும் அளவுகளைத் தமிழுக்கு அப்படியே கொள்வது தவறு. தமிழில் இகர ஈகாரக் குறிகள் மேலே வளைகின்றன. உகர ஊகாரங்கள் கீழே இறங்குகின்றன. வரிகள் நெருங்கினால் அவை ஒன்றையொன்று தொடும். எழுத்தளவைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு வரியுயரம் இருப்பின் கண் இடறாது. தமிழ்ச்சொற்கள் நீளமானவை என்பதும் நினைவிற்குரியது. ‘சதுரங்கப்பட்டினத்திலிருந்து’ என்னும் ஒரு சொல்லே கைப்பேசித் திரையின் பாதியை நிரப்பும். அச்சுநூலைப்போல் இருபுற ஓரங்களையும் நேராக்க முயன்றால் சொற்களிடையே பெரும்பள்ளங்கள் விழும். இடப்புறம் மட்டும் நேராக அமைத்தலே தக்கது. சாய்வெழுத்து தமிழுக்கு இயல்பானதன்று. அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தே போதும்.

கோட்டையின் ஒளிப்படத்தைப் பின்னணியாக விரித்து, அதன்மேல் எழுத்தைப் பதிக்கும் ஆசை தொடக்கநிலையினர்க்கு எழும். அதனை அடக்குவது கடினமே. வெண்ணிறப் பின்புலத்தில் வெளிர்சாம்பல் எழுத்தும் அவ்வாறே மயக்கும். உலகளாவிய அணுகுதன்மை நெறிகள் எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிமாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்கின்றன. கடற்கரை வெயிலில் நின்று கைப்பேசியில் படிக்கும் பயணிக்கு அவ்விகிதத்தின் அருமை தெரியும்.

கைப்பேசியில் எடுத்த படம் 4000 படப்புள்ளி அகலமும் சில மெகாபைட் எடையும் கொண்டது. அதனை 1200 படப்புள்ளியாகக் குறைத்துச் சேமித்தால் எடை பெரிதும் குறையும். திரையில் தரம் குறைந்ததாகத் தோன்றாது. பத்துப் படங்களைச் சுருக்காமல் ஏற்றினால், இணைப்பு மெலிந்த ஊரில் பக்கம் திறப்பதற்குள் வாசகர் அகன்றுவிடுவார். ஒவ்வொரு படத்திற்கும் மாற்றுரை எழுதுதல் கடமை. ‘படம் 3’ என்பது மாற்றுரை ஆகாது. ‘கோட்டையின் வாயில், கடற்புறத்திலிருந்து’ என்பதே மாற்றுரை. என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, கண்ணை மூடிக்கொண்டு தம் பக்கத்தைத் தாமே கேட்டுப்பார்த்தால் குறைகள் புலப்படும். செய்தியையே படமாக்கி ஒட்டுவது பழைய எழுத்துருக் குழப்பத்தைப் புதிய வடிவில் மீட்பதாகும். அதனைத் தேடவும் இயலாது, படியெடுக்கவும் இயலாது.

வீட்டுக்கணினியில் நன்கு தோன்றிய படங்கள் வலையேற்றியபின் தோன்றாமல் போவதுண்டு. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகக் கருதும். பெரும்பாலான வழங்கிகள் வெவ்வேறாகக் கருதும். எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி அமைத்தால் இவ்விடர் நேராது.

ஊர்ப்பெயர்கள் தனிக்கவனம் வேண்டுவன. மாமல்லபுரத்தை மகாபலிபுரம் எனத் தேடுவோர் உளர். சதுரங்கப்பட்டினம் ஆங்கிலேயர் ஆவணங்களில் சத்ராஸ் என வழங்கும். செங்கல்பட்டு, செங்கற்பட்டு என இரு வடிவங்களும் நூல்களில் உள்ளன. இவற்றைப் பக்கத்தில் ஒருமுறையேனும் இயல்பாகக் குறித்தால் எவ்வடிவில் தேடினும் பக்கம் கிட்டும். மற்றொரு பக்கத்திற்கு இணைப்புத் தரும்போது, ‘இங்கே சொடுக்குக’ என்று எழுதாமல், செல்லும் இடத்தின் பெயரையே இணைப்பாக்குதல் நன்று.

கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் இத்தகைய எளிய கோப்புகளைக் கட்டணமின்றி ஏற்கின்றன. எங்கு வைத்தாலும் முழுக்கோப்புறையின் படி ஒன்று வீட்டிலும், மற்றொன்று வேறிடத்திலும் இருத்தல் வேண்டும். கோப்புகள் எளியவையாக இருப்பின், ஒரு சேவை மூடப்படும் நாளில் அவற்றை மற்றோரிடத்திற்கு மாற்றச் சில மணித்துளிகளே ஆகும். தளத்தைப் பதிவேற்றியபின் இணைய ஆவணகத்திலும் ஒரு படியைச் சேமிக்கச் செய்யலாம்.

பதிவேற்றியதோடு வேலை முடிவதில்லை. மாமல்லபுரத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் காட்டும் பழைய பக்கங்கள் இன்னும் வலையில் உள்ளன. எழுதப்பட்டபோது அவை பிழையானவை அல்ல. 2019ஆம் ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் அவை பழையனவாயின. எழுதிய நாளும் திருத்திய நாளும் அவற்றில் இல்லாமையால், பிழையா பழமையா எனப் படிப்பவர் அறிய வழியில்லை. அம்மாணவி தம் பக்கத்தின் அடியில் இடவேண்டிய கடைசி வரி, ‘இறுதியாகத் திருத்திய நாள்’ என்பது.