எழுத்து வெளியே வர வழி இருக்கிறதா?

அன்றாடக் கணினி வேலைக்கு எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்கு, வசதிகளை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாளைக்கே அந்த மென்பொருள் நின்றுபோனால், அதில் எழுதியதை வேறொன்றில் திறக்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அந்தக் கோப்புக்குள் தமிழ் எப்போதுமே இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். அதனால் தேடல் தடுமாறும், அகரவரிசை குலையும், எழுத்துருவை மாற்றினால் எல்லாமே போகும்.

யூனிகோடு என்ற குறியீட்டு முறையில் அப்படியல்ல; த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. எழுத்துரு எதுவானாலும் அந்த எண்கள் மாறுவதில்லை. இடத்தை அடைக்கும் என்று ஒரு குறை சொல்வார்கள். உண்மைதான், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும், ‘தமிழ்’ என்ற சொல்லுக்குப் பதினைந்து. ஆனால் ஐந்து லட்சம் குறிகள் கொண்ட ஒரு பெரிய புத்தகமே 15 லட்சம் பைட்டுக்குள் அடங்கிவிடும். கைபேசியில் எடுக்கும் ஒரு படமே பல நேரம் அதைவிடப் பெரிது. அச்சகத்தில் பழைய முறைதான் கேட்கிறார்கள் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அங்கே பக்கம் அமைக்கப் பயன்படுத்தும் பேஜ்மேக்கர் மென்பொருளின் ஏழாம் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பின் எட்டாவது வரவே இல்லை. இருந்தும் அதில் கை பழகியவர்களிடம் சட்டென்று மாறச் சொல்வது நியாயமில்லை. அச்சுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஒரு படியைப் பழைய முறைக்கு மாற்றிக் கொடுக்கலாம். மூலம் யூனிகோடிலேயே இருக்கட்டும். மெய்ப்புத் திருத்தங்களை மூலத்திலும் ஏற்றுவது கூடுதல் வேலைதான். அதைத் தட்டிக்கழித்தால் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் இல்லாத படிதான் கையில் மிஞ்சும்.

இந்த அளவுகோலால்தான் குறிப்புகளுக்கும் முதல் வரைவுக்கும் நோட்பேட்++ போன்ற எளிய உரைக் கருவியையும், வடிவமைத்த ஆவணத்துக்கு லிப்ரெஆபிஸையும் முன்னால் வைக்கிறேன். லிப்ரெஆபிஸ் சேமிக்கும் ஓடிடி கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். கோப்புப் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் நீங்கள் எழுதிய வரிகள் கண்ணுக்குத் தெரியும். வேர்டின் டாக்எக்ஸும் இப்படிப்பட்டதே. ஆகவே வேர்டு வைத்திருப்பவர் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை என்பேன். ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ என நான்கே தட்டு. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில ஒலிப்படி அடிப்பது சுலபம் என்பவர்கள் சொல்வது நாலு வரிச் செய்திக்குச் சரி. நாள் முழுக்க எழுதுபவருக்கு ஒவ்வொரு தமிழ் ஒலியையும் ஆங்கில எழுத்தாக மனத்தில் மாற்றுவது வீண் சுமை. விண்டோஸிலேயே இப்போது தமிழ்99 இருப்பதால், பழகிப் பார்க்கத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.